சுக்கான் இருந்த பக்கம்

பயிற்சி மாலுமியாகக் கப்பலில் சேர்ந்த முதல் வாரத்தில், சட்டைப்பையில் வைத்திருந்த சின்னக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இரண்டு வரிகள் எழுதி வைத்தேன். ஸ்டார்போர்டு என்றால் வலது. போர்ட் என்றால் இடது. தேர்வுக்குப் படிப்பதைப் போல அவற்றை மனப்பாடமும் செய்தேன். அந்த இரண்டு வரிகளும் போதாதவை என்பது மூன்றாவது வாரம், ஒரு துறைமுகத்தில் கப்பலைக் கரையோடு பிணைத்துக்கொண்டிருந்தபோது தெரிந்தது.

நான் பின்தளத்தில், கப்பலின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தபடி நின்றிருந்தேன். இருபுறமும் என் தொடைப் பருமனில் பாதி இருக்கும் கயிறுகள் கரைக்குப் போயிருந்தன. கயிறு இழுக்கும் பொறியான வின்ச் சுற்றச் சுற்ற அவை விறைத்து, நீரைச் சொட்டியபடி முனகிக்கொண்டிருந்தன. வாக்கி-டாக்கியில் அதிகாரி போர்ட் பக்கக் கயிற்றுக்குப் போகச் சொன்னார். நான் என் இடக்கைப் பக்கம் ஓடினேன். கப்பலின் பின்புறத்தைப் பார்த்து நிற்பவனுடைய இடக்கைப் பக்கம் கப்பலுக்கு ஸ்டார்போர்டு. அங்கே இழுவிசையில் இருந்த கயிறு அறுந்தால் எந்த இடத்தைச் சாட்டைபோல வீசுமோ, அந்த இடத்துக்குள் நான் கால் வைத்திருந்தேன். தளத்து வேலையாட்களின் தலைவரான போசன் என் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அவர் தூத்துக்குடிக்காரர், நான் பிறப்பதற்கு முன்பே கடலுக்கு வந்துவிட்டவர். கப்பலில் இருந்த தமிழ்ப் பையன்கள் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். வேலை முடிந்து கயிறுகளைச் சுருட்டி வைக்கும்போது அவர் என்னிடம் கேட்டார்: “நீ திரும்பி நின்னா கப்பலும் உங்கூடச் சேந்து திரும்பிருமாலே? நீ பாக்குற பக்கத்த வச்சு இல்ல, அது பாக்குற பக்கத்த வச்சுத்தான் பேரு.”

வலது, இடது என்ற சொற்கள் பேசுகிறவனின் உடலைச் சார்ந்தவை. கோயிலில் மூலவருக்கு எதிரே நின்று ‘வலப்பக்கம் இருக்கும் சிலை’ என்று ஒருவர் சொன்னால், சாமிக்கு வலமா நமக்கு வலமா என்று உடனே கேட்க வேண்டியிருக்கிறது. சிற்பநூல் கற்றவர்கள் சிலையின் வலக்கையைத்தான் வலக்கை என்பார்கள். கும்பிட வந்தவருக்கு அது இடப்பக்கம் தெரியும். கரையில் இந்தக் குழப்பத்தால் பெரிய நட்டம் இல்லை. கப்பலில் ஒருவன் முன்பக்கம் பார்த்து நிற்பான், மற்றொருவன் பின்பக்கம் பார்த்து நிற்பான், மூன்றாமவன் மல்லாந்து படுத்துக் குழாயைப் பழுது பார்த்துக்கொண்டிருப்பான். அந்த மூவருக்கும் ஒரே பொருள் தரும் சொல் வேண்டும். ஸ்டார்போர்டு அப்படிப்பட்ட சொல். அது மனிதனுடைய வலத்தைக் குறிப்பதில்லை. கப்பலின் உடலில் ஓர் இடத்தைக் குறிக்கிறது. அந்த இடத்தில் ஒரு காலத்தில் என்ன இருந்தது என்பதைத் தேடிப் போனபோதுதான் இந்தச் சொல்லின் மீது எனக்குப் பற்று உண்டானது.

முதலில் நானும் பலரைப் போல இதில் நட்சத்திரத்தைத்தான் கேட்டேன். விண்மீனைப் பார்த்து வழி கண்டவர்கள் மாலுமிகள் அல்லவா, ஆகவே ஸ்டார் என்பது அந்த விண்மீனாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். அது தவறு. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் ‘ஸ்டேயோர்போர்ட்’ என்று இருந்தது. ஸ்டேயோர் என்றால் கப்பலைத் திருப்பும் துடுப்பு, அதாவது நம் சுக்கானின் மூதாதை. பேருந்து ஓட்டுநர் பிடித்திருக்கும் வட்டத்தை நாம் ஸ்டியரிங் என்கிறோமே, அந்தச் சொல்லும் இதே வேரில் முளைத்ததுதான். பின்பாதியான போர்ட் (board; இடதைக் குறிக்கும் போர்ட், port, வேறு சொல்) என்பது முதலில் பலகை. பிறகு பலகைகளால் ஆன கப்பலின் பக்கச் சுவர். கப்பலில் ஏறுவதை ஆங்கிலத்தில் இன்றும் போர்டிங் என்று சொல்வது இதனால்தான். இரண்டையும் சேர்த்துத் தமிழில் சொன்னால் ‘சுக்கான் பக்கம்’. வேறு எந்த மறைபொருளும் அதில் இல்லை.

சுக்கான் பக்கம் என்று ஒரு பக்கத்துக்குப் பெயர் வைக்க முடிந்ததென்றால், சுக்கான் நடுவில் இல்லாமல் ஒரு பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். அதை என் கண்ணாலேயே பார்க்கும் வாய்ப்பு சில ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்தது. எங்கள் சரக்குக் கப்பல் ஓஸ்லோவில் நின்றபோது, பிக்டோய் தீபகற்பத்தில் அப்போது திறந்திருந்த வைக்கிங் கப்பல் அருங்காட்சியகத்துக்கு அரை நாள் விடுப்பில் போனேன். வெள்ளைச் சுவர்களும் வளைந்த கூரையும் கொண்ட கூடத்தில் கொக்ஸ்டாட் கப்பல் நின்றது. 1880-ல் நார்வேயின் சாந்தெஃபியோர் அருகே ஒரு பண்ணை நிலத்து மேட்டைத் தோண்டி எடுத்த கப்பல் அது. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஏறக்குறைய 890-ஐ ஒட்டிக் கட்டப்பட்டது. நீளம் 23 மீட்டருக்குச் சற்று மேல், அகலம் 5 மீட்டருக்குச் சற்று மேல், பக்கத்துக்கு 16 துடுப்புகள். எல்லோரும் அதன் முகப்பின் வளைவைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பின்பக்கம் போய் வலப்புறத்தில் நின்றேன். அங்கே அது இருந்தது.

ஆள் உயரத்தைத் தாண்டிய ஒற்றைப் பலகை. கீழே அகன்று, மேலே குறுகி, கப்பலின் பக்கத்தோடு ஒட்டித் தொங்கியது. பலகைக்கும் கப்பலின் உடலுக்கும் இடையில் குமிழ்போல ஒரு மரக்கட்டை. பலகையையும் குமிழையும் கப்பலின் உடலையும் துளைத்துக்கொண்டு ஒரு முறுக்குக் கட்டு உள்ளே போய் இறுகியிருந்தது. மேல்விளிம்பில் இன்னொரு பட்டை பலகையின் கழுத்தைச் சுற்றிப் பிடித்திருந்தது. கழுத்துக்கு மேல் உள்ள துளையில் ஒரு கைப்பிடிக் கம்பு செருகப்பட்டு, கப்பலின் உட்புறம் நோக்கி நீண்டிருந்தது. அந்தக் கம்பைத் தள்ளினாலும் இழுத்தாலும் பலகை தன் அச்சிலேயே சற்றுத் திரும்பும்; நீர் அதன் மேல் மோதிக் கப்பலைத் திருப்பும். படகோட்டி துடுப்பால் நீரைத் தள்ளித் திருப்புவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. இங்கே வலிமையைக் கொடுப்பது ஓடும் நீர். மனிதன் கோணத்தை மட்டும் கொடுக்கிறான். 1893-ல் மாக்னஸ் ஆண்டர்சன் என்ற நார்வே மாலுமி இந்தக் கப்பலின் அச்சாக ஒன்றைக் கட்டி, பெர்கனிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து நியூஃபவுண்ட்லாந்தை நான்கு வாரங்களில் அடைந்தார். பிறகு சிகாகோ உலகக் கண்காட்சி வரை அதை ஓட்டிச் சென்றார். பக்கவாட்டில் தொங்கிய அந்தச் சுக்கானை அவர் மிகவும் பாராட்டியிருக்கிறார். ஒரு மணி நேரம் சக்கரம் பிடித்தாலே தோள் இறுகிப்போன எனக்கு, அந்தப் பலகைக்கு முன் நின்றபோது அந்தப் பாராட்டின் அருமை புரிந்தது.

ஏன் வலப்பக்கம்? கப்பலின் பின்முனையில் முன்னோக்கி நிற்கும் மனிதருள் பெரும்பாலோருக்குப் பலம் வலக்கையில் இருக்கிறது என்பதுதான் பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். எகிப்தியரும் கிரேக்கரும் ரோமரும் பெரிய கப்பல்களில் இருபுறமும் ஒவ்வொரு திருப்புத் துடுப்பு வைத்திருந்தார்கள். அதனால் அவர்களுக்குச் ‘சுக்கான் பக்கம்’ என்று ஒன்று இருக்க வழியில்லை. ஒரே சுக்கானை ஒரே பக்கத்தில் மாட்டிய வடகடல் மக்களிடம்தான் இந்தச் சொல் பிறக்க முடியும், அங்கேதான் பிறந்தது.

எழுத்தில் இது கிடைக்கும் ஓர் இடம் எனக்கு மிகப் பிடித்தது. ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஓத்தெரே என்ற நார்வே வணிகர் இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் அரசரிடம் வந்து தன் வடதிசைப் பயணத்தைச் சொன்னார். நார்வேயர் எல்லோரிலும் மிக வடக்கே வாழ்பவன் தான் என்றார். அதற்கும் வடக்கே என்ன இருக்கிறது என்று பார்க்கப் புறப்பட்டதாகவும், மூன்று நாட்கள் முழுவதும் ஆளில்லாத நிலத்தை ஸ்டேயோர்போர்ட் பக்கமும் அகன்ற கடலைப் பேக்போர்ட் பக்கமும் வைத்துக்கொண்டு போனதாகவும் கூறினார். அந்தக் காலத்தில் லத்தீனிலிருந்து ஆங்கிலமாக்கப்பட்ட ஒரு வரலாற்று நூலுக்குள் அவர் பேச்சு எழுதிச் சேர்க்கப்பட்டது. நார்வேயின் வரைபடத்தை எடுத்து வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது அப்படியே பொருந்துகிறது. வடக்கே போகிறவருக்குக் கரை வலப்புறம்தான் இருக்கும். பதினோரு நூற்றாண்டுகள் கடந்தும் ஒரு கப்பல்காரரின் வழிக்குறிப்பு இன்னொரு கப்பல்காரனுக்கு அப்படியே புரிகிறது. காரணம், அவர் தன் கையை வைத்து அதைச் சொல்லவில்லை. கப்பலின் பக்கத்தை வைத்துச் சொன்னார்.

பேக்போர்ட் என்றால் முதுகுப் பக்கம். வலப்புறச் சுக்கானை இரு கையாலும் பிடித்து நிற்பவனின் முதுகு எந்தப் பக்கம் இருக்குமோ அந்தப் பக்கம். இந்த இரண்டு சொற்களையும் அடுத்தடுத்து வைத்தால் அந்த மனிதன் நின்ற விதமே தெரிகிறது: முகமும் கையும் ஒரு பக்கம், முதுகு மறுபக்கம். திசையைக் குறிக்கும் ஒரு சொல்லிணை ஒரு தொழிலாளியின் நிலையை இவ்வளவு துல்லியமாகப் பிடித்து வைத்திருப்பதை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. ஜெர்மன், டச்சு, டேனிஷ் மொழிகளில் இந்த இணை இன்றும் பிரியாமல் இருக்கிறது. ஜெர்மானியர் ஸ்டொயர்போர்ட், பாக்போர்ட் என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் வடகடல்காரரிடமிருந்து கடன் வாங்கி ட்ரிபோர், பாபோர் என்று மாற்றிக்கொண்டார்கள். ஸ்பானியருக்கு அவை எஸ்ட்ரிபோர், பாபோர். முதுகு என்ற பொருள் அங்கெல்லாம் போய்விட்டது. ஒலி மட்டும் நிற்கிறது.

இதில் விந்தை என்னவென்றால், அந்த முதுகுச் சொல்லை எழுதி வைத்த ஆங்கிலமே அதைக் கைவிட்டது. பதினான்காம் நூற்றாண்டில் அங்கே ‘லாடபோர்டு’ என்ற சொல் வழங்கியது. சரக்கேற்றும் பக்கம் என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். அதற்கும் காரணம் அந்தச் சுக்கான்தான். அடிப்பலகைக்கும் கீழே இறங்கும் துடுப்பைக் கரைப் பக்கம் வைத்துக் கப்பலை ஒட்டினால், துடுப்பு கரைக்கும் கப்பலுக்கும் நடுவில் சிக்கி நொறுங்கும். ஆகவே எப்போதும் இடப்பக்கத்தைத்தான் கரைக்குக் கொடுத்தார்கள். ஆளும் சரக்கும் அந்தப் பக்கமாகவே ஏறி இறங்கின. பின்னாளில் ஸ்டார்போர்டின் ஓசை தொற்றி, லாடபோர்டு ‘லார்போர்டு’ ஆயிற்று.

அங்கேதான் தொல்லை தொடங்கியது. ஸ்டார்போர்டு, லார்போர்டு. காற்று ஊளையிடும்போது, அலை தளத்தில் விழும்போது, பாய்கள் படபடக்கும்போது இவற்றைக் கத்திப் பாருங்கள். தொடக்க மெய்யொலிகள் காற்றில் போனால் மிஞ்சுவது இரண்டிலும் ஒன்றே. எதிரெதிர்ப் பொருளுள்ள இரண்டு கட்டளைகள் ஒரே ஓசையில் வந்து விழுவது கடலில் எப்படிப்பட்ட ஆபத்து என்று விளக்க வேண்டியதில்லை. ஆகவே சுக்கான் பிடிப்பவனுக்கு ஆணையிடும்போது மட்டும் ‘போர்ட்’ என்ற குறுஞ்சொல்லைப் பயன்படுத்தும் வழக்கம் நெடுங்காலமாகவே இருந்தது. இடப்பக்கம் துறைமுகத்தை ஒட்டி நிற்கும் பக்கம் என்பதால் அந்தப் பெயர் என்பர் சிலர். சரக்கேற்றக் கப்பலின் பக்கவாட்டில் திறந்த வாயிலிலிருந்து வந்தது என்பர் வேறு சிலர். இரண்டுமே கரையைத் தொட்ட பக்கத்தைத்தான் காட்டுகின்றன. 1844-ல் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகம் லார்போர்டை விலக்கிப் போர்ட் என்பதையே வழங்க ஆணையிட்டது. 1846-ல் அமெரிக்கக் கடற்படைச் செயலாளர் ஜார்ஜ் பான்கிராஃப்ட் அதையே தம் கடற்படைக்கும் விதித்தார். ஐந்நூறு ஆண்டு வழங்கிய சொல்லை இரண்டு காகிதங்கள் ஓய்வுக்கு அனுப்பின. ஒரு சொல் சாவதில் பொதுவாக எனக்கு வருத்தம் உண்டு. இதில் இல்லை.

இதற்குள் சுக்கான் தன் பழைய இடத்தைவிட்டு எப்போதோ போய்விட்டிருந்தது. இன்றைய போலந்தில் உள்ள எல்பிங் நகரத்தின் 1242-ஆம் ஆண்டு முத்திரையில் செதுக்கிய கப்பலில் சுக்கான் பின்முனையின் நடுவில் கீல்களில் தொங்குகிறது. சீனர்களிடம் பின்முனைச் சுக்கான் அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்ததற்கு, குவாங்சோ கல்லறை ஒன்றில் கிடைத்த சுடுமண் கப்பல் சான்று. ஐரோப்பாவில் சுக்கான் நடுவுக்கு வந்த பிறகும், அது இல்லாத பக்கத்தைச் சுக்கான் பக்கம் என்று எழுநூறு ஆண்டுகளுக்கும் மேலாக மாலுமிகள் அழைத்து வருகிறார்கள். பொருள் போனாலும் பெயர் நிற்பது மொழியில் புதிதல்ல. நம் ஊர்களில் தூர்ந்துபோன குளத்தின் மேல் எழுந்த தெருவுக்கும் குளத்தங்கரைத் தெரு என்றே பெயர்.

பின்முனைச் சுக்கானோடு இன்னொரு சிக்கலும் வந்தது. இதை இளம் மாலுமிகளுக்கு நான் எப்போதும் நிதானமாகச் சொல்வேன். பின்முனையில் கீலில் தொங்கும் சுக்கானின் தலையில் முன்னோக்கி நீளும் ஒரு கைத்தண்டு உண்டு. தண்டை வலப்புறம் தள்ளினால் நீருக்குள் பலகை இடப்புறம் திரும்பும். கப்பலும் இடப்புறம் போகும். பழைய ஆணைகள் தண்டை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்பதைத்தான் சொல்லின. கப்பல் எங்கே போக வேண்டும் என்பதை அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் சக்கரம் வந்து, தண்டு தளத்துக்குக் கீழே மறைந்த பிறகும் ஆணைகள் மாறவில்லை. ‘ஸ்டார்போர்டு’ என்று அதிகாரி சொன்னால் கப்பல் போர்ட் பக்கம் திரும்பும்.

1912 ஏப்ரல் 14 இரவு 11.40-க்கு டைட்டானிக்கின் முன்னால் பனிப்பாறை தெரிந்தபோது முதல் அதிகாரி முர்டாக் இட்ட ஆணை ‘ஹார்ட் எ-ஸ்டார்போர்டு’. சக்கரத்தில் நின்றவர் ராபர்ட் ஹிச்சன்ஸ். அவர் சக்கரத்தை இடப்புறம் சுழற்றினார். முகப்பு இடப்புறம் விலகத் தொடங்கியது. பாறை கப்பலின் ஸ்டார்போர்டு பக்கத்தை உரசிக்கொண்டு போனது. இதைப் படிக்கிறவர்களில் சிலர் ஹிச்சன்ஸ் தவறாகத் திருப்பிவிட்டார் என்று எண்ணுகிறார்கள். இல்லை, அன்றைய வழக்கப்படி அவர் செய்தது முழுக்கச் சரி. அந்த மனிதரின் மீது அறியாமல் சுமத்தப்படும் பழியைக் கேட்கும்போதெல்லாம், சக்கரத்தின் முன் நின்றவன் என்ற முறையில் எனக்கு மனம் வலிக்கிறது. 1929-ல் லண்டனில் நடந்த கடல் உயிர்ப்பாதுகாப்பு மாநாடு இந்தத் தலைகீழ் வழக்கத்துக்கு முடிவு கட்டியது. அடுத்த சில ஆண்டுகளில் கப்பல் போகும் திசையையே ஆணை சொல்லத் தொடங்கியது. அமெரிக்கக் கடற்படை 1913-லேயே சுக்கான் ஆணைகளில் நேரடியாக வலது, இடது என்று சொல்லும் வழிக்குப் போய்விட்டது. ஆனால் அங்கும் கப்பலின் பக்கங்களுக்குப் பெயர் இன்றும் ஸ்டார்போர்டு, போர்ட் என்பவைதான்.

இப்போது சக்கரத்தில் நிற்பவனுக்கு ‘ஸ்டார்போர்டு டென்’ என்று ஆணை வரும். அவன் அதே சொற்களைத் திருப்பிச் சொல்லிவிட்டுச் சுக்கானைப் பத்துப் பாகை திருப்புவான். முள் பத்தில் நின்றதும் மறுபடி ஒருமுறை சொல்வான். முதல் நாள் இந்தத் திருப்பிச் சொல்லுதல் வீண் சடங்குபோலத் தோன்றியது. பின்தளத்தில் எனக்கு நேர்ந்ததை நினைத்த பிறகு ஒருநாளும் அப்படித் தோன்றவில்லை.

இரவில் இந்தச் சொற்கள் நிறமாக மாறுகின்றன. போர்ட் பக்கம் சிவப்பு விளக்கு, ஸ்டார்போர்டு பக்கம் பச்சை. ஒவ்வொன்றும் நேர் முன்னிருந்து தன் பக்கமாக 112.5 பாகை வரை மட்டுமே தெரியும்படி மறைக்கப்பட்டிருக்கும். மலாக்கா நீரிணையில் நள்ளிரவுக் காவலில் நிற்கும்போது, என் ஸ்டார்போர்டு முகப்புப் பக்கம் இருட்டில் ஒரு சிவப்புப் புள்ளி தோன்றும். அது ஒன்றே போதும். அந்தக் கப்பலின் போர்ட் பக்கத்தை நான் காண்கிறேன். அது என் பாதையை வலமிருந்து இடமாகக் குறுக்கே கடக்கிறது. இயந்திரக் கப்பல்கள் இரண்டு இப்படிச் சந்தித்தால், மற்றதைத் தன் ஸ்டார்போர்டு பக்கம் காண்பதே விலக வேண்டும். ஆகவே விலக வேண்டியது நான். நேருக்கு நேர் வந்தால் இருவரும் ஸ்டார்போர்டு பக்கம் ஒதுங்க வேண்டும். ஒதுங்குகிறவன் ஒரு குறும் ஊதல் கொடுப்பான். போர்ட் பக்கம் போகிறவன் இரண்டு. விமானத்தின் இடச் சிறகில் சிவப்பும் வலச் சிறகில் பச்சையும் எரிவது கடலிலிருந்து போன வழக்கம்தான். பயணிகள் விமானத்தில் இடப்பக்கக் கதவு வழியாக ஏறுவதிலும் அந்தப் பழைய கரைப் பக்கத்தின் நிழல் விழுந்திருக்கிறது.

நட்சத்திரத்தைக் கேட்ட என் காதைப் போலவே மற்றவர் காதுகளும் ஏமாந்திருக்கின்றன. ஆங்கிலத்தில் ‘பாஷ்’ என்றால் ஆடம்பரம். இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குப் போகும்போது போர்ட் பக்க அறையும் திரும்பும்போது ஸ்டார்போர்டு பக்க அறையும் வெயில் படாதவை என்பதால், ‘போர்ட் அவுட், ஸ்டார்போர்டு ஹோம்’ என்ற நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைப் (POSH) பயணச்சீட்டில் அச்சிட்டார்கள், அதிலிருந்து இந்தச் சொல் வந்தது என்று ஒரு கதை உலவுகிறது. அப்படி அச்சிட்ட சீட்டு ஒன்றுகூட இன்றுவரை கிடைக்கவில்லை.

இதற்கு மறுதிசையில் நடந்த ஏமாற்றம் ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. சுக்கான் என்பது அரபியிலிருந்து நமக்கு வந்த சொல். மாலுமி என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததுதான். சுக்கான் பிடிப்பவர் இந்தியக் கப்பல்களில் சுக்கானி. ஆங்கிலேயர் தம் கப்பல்களில் நம் கடலோர ஆட்களை வேலைக்கு வைத்தபோது இந்தச் சொல்லைக் கேட்டு ‘சீகன்னி’ என்று எழுதிக்கொண்டார்கள். அந்தச் சொல்லின் தலையில் அவர்கள் காதுக்குக் கடல் கேட்டது. அவர்களுடைய சுக்கானில் நாம் விண்மீனைக் கேட்டோம். நம்முடைய சுக்கானில் அவர்கள் கடலைக் கேட்டார்கள். இரண்டு பக்கமும் தவறாகக் கேட்டது ஒரே பொருளின் பெயரை என்பதைக் கண்டுகொண்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்றைக்குப் பழைய குறிப்பேட்டை எடுத்து, ஸ்டார்போர்டு என்பதற்கு எதிரே ‘வலது’ என்று இருந்ததை அடித்துவிட்டுச் ‘சுக்கான் பக்கம்’ என்று எழுதினேன்.

போசன் அண்ணாச்சியின் கடைசிப் பயணம் தூத்துக்குடியில் முடிந்தது. விடியற்காலையில் வழிகாட்டி மாலுமி ஏறியதும், எந்தப் பக்கம் கரையை ஒட்டுவது என்று அவரும் கேப்டனும் பேசி முடிவு செய்தார்கள். ஸ்டார்போர்டு பக்கம் என்றார்கள். இழுவைப் படகுகள் மெல்ல நெருக்கின, கயிறுகள் போயின, நான் சரியான பக்கத்தில் நின்றிருந்தேன். கேங்வே என்ற இறங்குபடியைக் கரைக்கு இறக்கியதும் அண்ணாச்சி தம் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, கைப்பிடிக் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, கொக்ஸ்டாட் கப்பலில் அந்தப் பலகை தொங்கிக்கொண்டிருந்த அதே பக்கமாகக் கரைக்கு இறங்கிப் போனார்.